84 ஃபயர்பேர்டை நைட் ரைடர் 'கிட்' காராக மாற்றுகிறேன்: எங்கிருந்து தொடங்குவது?

நார்வுட்_பக்கம்:

வணக்கம் நண்பர்களே. ஒஹையோவில் சின்சினாட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ரொம்ப நாள் ஆசை ஒன்று கைகூடியிருக்கிறது: 1984 பான்டியாக் ஃபயர்பேர்ட் ஒன்று வாங்கிவிட்டேன். 2.8 லிட்டர் வி6, ஆட்டோமேட்டிக் கியர், டி-டாப் கூரை (கழற்றி எடுக்கும் இரண்டு கண்ணாடி வைத்தது). வெளிறிய நீல நிறம். ஒரு கொட்டகையில் பல வருஷம் சும்மா நின்ற வண்டி. புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் பிடிக்கிறது, ஆனால் நிலையாக ஓடவில்லை.

நைட் ரைடர் என்ற அமெரிக்க டிவி தொடரில் வந்த பேசும் கார் கிட்டாக இதை வீட்டு கராஜிலேயே மாற்ற வேண்டும். கண்காட்சியில் நிறுத்தி வைக்க அல்ல, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு போக. முன் மூக்கில் ஓடும் சிவப்பு விளக்கு (ஸ்கேனர்), பேசும்போது ஏறி இறங்கும் குரல் பெட்டி, பறவைச் சிறகு மாதிரியான ஸ்டீயரிங், எல்லாம் வேண்டும். ஸ்கேனர் விளக்கை இந்த வாரமே ஆர்டர் செய்யலாம் என்று இருக்கிறேன். எது நல்லது, யாராவது சொல்லுங்கள்.

பட்டிமேஸ்திரி:

வாழ்த்துகள் தம்பி. ஆனால் ஸ்கேனரை இப்போது வாங்காதே. அதற்குப் பதில் முதலில் கார்பெட்டைத் தூக்கிப் பார்.

நான் ஹியூஸ்டனில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன், அதற்கு முன் ஊரில் டிங்கரிங் பட்டறை. இந்த மூன்றாம் தலைமுறை ஃபயர்பேர்ட், அதாவது 1982 முதல் 1992 வரை வந்தது, நிறைய பார்த்திருக்கிறேன். டி-டாப் வண்டி என்றால் தண்ணீர் இறங்காமல் இருக்கவே இருக்காது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து சுருங்கியதும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சில் போய்த் தங்கும். மேலே கார்பெட் காய்ந்து மொரமொரவென்று இருக்கும், அடியில் பஞ்சு மாசக்கணக்கில் ஈரமாக இருக்கும். தகடு அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்கும்.

சீட் இரண்டையும் கழற்று. கார்பெட்டையும் பஞ்சையும் முழுதாக எடு. திருப்புளியின் பிடியால் தரைத் தகட்டைத் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு கணீரென்று கேட்கும். மொத்தையாகக் கேட்கும் இடத்தில் முனையை வைத்து அழுத்து. உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டியதுதான். டிரைவர் கால் வைக்கும் குழி, சீட் போல்ட் இறங்கும் இடம், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதி, இந்த மூன்றையும் விட்டுவிடாதே.

அப்புறம் கதவு. இந்த வண்டியின் கதவு நீளம், கனமும் அதிகம். கீலில் உள்ள ஊசியும் புஷ்ஷும் தேய்ந்து கதவு தொங்கிப்போகும். திறந்து வைத்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார். ஆடினால் ஊசி மாற்று. பெயிண்ட் அடித்த பிறகு இதைச் செய்தால் கதவின் ஓரம் உரசிப் புதுப் பெயிண்ட் போய்விடும்.

பழசே_அழகு:

எனக்கு இந்த மாதிரி இழைகளைப் பார்த்தாலே வயிறு கலங்கும். இதுவரை எத்தனையோ அசல் ட்ரான்ஸ் ஆம் வண்டிகளை (ஃபயர்பேர்டின் உயர்ரக வகை, தொடரில் வந்ததும் அதுதான்) தொலைக்காட்சியில் வந்த காரைப் போல ஆக்குகிறேன் என்று வெட்டிக் கெடுத்திருக்கிறார்கள். 1983-இல் டேடோனா 500 பந்தயத்துக்காக 2,500 வண்டி மட்டும் வந்தது. 1984-இல் ட்ரான்ஸ் ஆமின் 15-ஆம் ஆண்டு நிறைவுக்கு வெள்ளை நிறத்தில் 1,500. இவற்றில் ஒன்றைக் கருப்படித்துவிட்டால் அப்புறம் திரும்பி வராது.

உங்கள் வண்டியின் வி.ஐ.என். என்ற அடையாள எண்ணை முதலில் படியுங்கள். விண்ட்ஷீல்டுக்குக் கீழே டிரைவர் பக்கத்தில் இருக்கும். ஐந்தாவது இடத்தில் W இருந்தால் அது ட்ரான்ஸ் ஆம், S இருந்தால் சாதா ஃபயர்பேர்ட், X இருந்தால் எஸ்.இ. எட்டாவது இடம் எஞ்சினைச் சொல்லும், பத்தாவது வருஷத்தைச் சொல்லும், பதினொன்றாவது தொழிற்சாலையைச் சொல்லும். W என்று வந்து, எண்ணெல்லாம் பொருந்தி, பெயிண்டும் அசலாக இருந்தால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம்.

நார்வுட்_பக்கம்:

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஐந்தாவது S, பதினொன்றாவது N. சாதா ஃபயர்பேர்ட்தான், நார்வுட் தொழிற்சாலை.

இதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். இந்தக் கார்கள் இரண்டு இடத்தில்தான் தயாராயின: கலிஃபோர்னியாவில் வேன் நைஸ், இங்கே நார்வுட். நார்வுட் ஆலையை 1987-இல் மூடிவிட்டார்கள். என் வீட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை. பிறந்த ஊரிலேயே வண்டி மறுபடி எழுந்து நிற்கப்போகிறது.

பழசே_அழகு:

S என்றால் எனக்கு மறுப்பே இல்லை, தாராளமாகச் செய்யுங்கள். வி6 சாதா ஃபயர்பேர்டைக் காப்பாற்ற யாரும் முன்வருவதில்லை, பாதி வண்டிகள் நசுக்கப்பட்டுப் போய்விட்டன. ட்ரான்ஸ் ஆம் பானட்டும் ஸ்பாய்லரும் தனியாகத் தேட வேண்டியிருக்கும். பானட்டில் அந்தப் புடைப்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், அதுதான் சரியானது. நடுவில் புடைப்புள்ள பானட்டை யாராவது "கிட் பானட்" என்று தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள்.

இன்னொன்று. கழற்றும் அசல் பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள். 82 முதல் 84 வரை வந்த மூக்கும் டேஷ்போர்டும் தேடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

டல்லாஸ்_அக்கா:

தம்பி, எந்த சீசன் கிட் என்று முதலில் முடிவு பண்ணு. இதை முடிவு செய்யாமல் பாகம் வாங்கத் தொடங்கினவர்கள் எல்லாம் பாதியில் நிற்கிறார்கள்.

தொடர் 1982 செப்டம்பரில் என்பிசியில் தொடங்கியது, 1986 ஏப்ரலில் முடிந்தது. நான்கு சீசன். முதல் இரண்டு சீசனில் டேஷ்போர்டில் இரண்டு சின்ன டிவி. மூன்றாவதில் டேஷ்போர்டையே மாற்றினார்கள், ஒரு டிவிதான். குரல் பெட்டியும் ஆரம்பத்தில் வெறும் சிவப்புச் சதுரம், அணைந்து அணைந்து எரியும். முதல் சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று செங்குத்துப் பட்டைகள் வந்தன, நடுவில் உள்ளது உயரம். நம் எல்லார் நினைவிலும் இருப்பது அந்தப் பட்டைதான். நான்காவது சீசனில் வண்டி விரிந்து இறக்கை முளைக்கும் அமைப்பை ஜார்ஜ் பாரிஸ் வடிவமைத்தார். அதை வீட்டில் செய்யும் ஆசையை இப்போதே விட்டுவிடு. மற்றபடி அந்த முதல் தோற்றமும் உள்ளமைப்பும் மைக்கேல் ஷெஃப் வேலை.

என்னுடையது இரண்டாம் சீசன். காரணம் சொல்கிறேன். இரண்டு டிவி டேஷ்போர்டில் பொத்தான்கள் அதிகம், பார்க்கிறவர்களுக்குக் கண் நிறையும், குழந்தைகள் அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். ஒற்றை டிவி டேஷ்போர்டு கொஞ்சம் சுத்தமாக இருக்கும், ஓட்டுவதற்கு வசதி. நீ ஓட்டப்போகிறேன் என்று சொன்னதால் மூன்றாம் சீசனையும் யோசித்துப் பார்.

உள்ளே கருப்பு வேண்டாம், கிட்டின் சீட் எல்லாம் இளம்பழுப்பு. சக்கரத்தில் நடுவே மழமழவென்று கருப்பு மூடி, பவுலிங் பந்து மாதிரி இருப்பதால் அதற்கு அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

நார்வுட்_பக்கம்:

மூன்றாம் சீசன் என்று நினைக்கவே இல்லை அக்கா. ஸ்டீயரிங் எப்படி? அந்தச் சிறகு வடிவம் ஓட்டுவதற்குக் கஷ்டமா?

டல்லாஸ்_அக்கா:

நேரே போகும்போது அருமை. பார்க்கிங்கில் முழுக்கத் திருப்பும்போது கை மாற்றிப் பிடிக்க மேல்பக்கம் இருக்காது, பழக வேண்டும். உன்னுடையது 84, அதனால் ஒரு விஷயத்தில் கவலை இல்லை: இந்த வண்டியில் ஏர்பேக் 1990-இல்தான் வந்தது. 90 முதல் வந்த வண்டியில் ஸ்டீயரிங்கை மாற்றினால் ஏர்பேக்கைப் பிடுங்க வேண்டும், அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஸ்டீயரிங் நடுவில் பொருந்தும் ஹப் மட்டும் உறுதியானதாக வாங்கு. அதில் காசைப் பார்க்காதே.

இன்னொரு முக்கியமான விஷயம் மீட்டர். டேஷ்போர்டு மாற்றும்போது அசல் ஸ்பீடாமீட்டர் போய்விடும். டிஜிட்டல் எண் ஓடினால் போதாது, அது உண்மையான வேகமாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸில் கேபிள் செருகும் இடத்தில் சென்சார் வைக்கலாம், இல்லையென்றால் ஜி.பி.எஸ். வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் சூடும் ஆயில் அழுத்தமும் காட்டும் அசல் மீட்டர் இரண்டை எங்காவது மறைவாக வைத்துக்கொள். எல்.இ.டி. பட்டை அழகாக இருக்கும், எஞ்சினைக் காப்பாற்றாது.

ரிலே_ராஜா:

ஒயரிங் என் ஏரியா என்பதால் வருகிறேன். சான் ஹோசேயில் இருக்கிறேன், இரண்டு கிட் காருக்கு மின்வேலை முழுதாகச் செய்து கொடுத்திருக்கிறேன்.

ஸ்கேனர் பற்றி. கடையில் விற்கும் மலிவு எல்.இ.டி. பட்டையைப் போட்டால் விளக்கு டக் டக்கென்று தாவும். தொடரில் அப்படித் தாவாது. வெளிச்சம் நகரும்போது பின்னால் ஒரு வால் தேய்ந்துகொண்டே வரும். அதற்குக் காரணம் அந்தக் காலத்து இழை பல்பு. மின்சாரத்தை நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் இழை ஆற ஒரு கணம் ஆகும், அந்தக் கணத்தில் மங்கிக்கொண்டே அணையும். எல்.இ.டி.க்கு அந்த ஆறும் நேரம் கிடையாது, நிறுத்தினால் உடனே இருட்டு. அதனால் அந்த மங்கலை நாம்தான் நிரலில் எழுத வேண்டும். ஆர்டுயினோ என்ற நிரல் ஓட்டும் சின்னப் பலகையில் ஒவ்வொரு விளக்குக்கும் பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) கொடுத்து, ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது மெதுவாகவும் வைத்தால் அசல் மாதிரியே இருக்கும். கண்ணுக்கு வெளிச்சம் நேர்க்கோட்டில் தெரியாது, அதனால் இறங்கும் அளவுகளையும் வளைவாகக் கொடுங்கள். நேர்க்கோட்டில் இறக்கினால் கடைசிவரை பிரகாசமாகத் தெரிந்து, முடிவில் பட்டென்று அணைந்த மாதிரி இருக்கும். இந்த ஓடும் சிவப்பு விளக்கு கிட்டுக்கு முன்பே பேட்டில்ஸ்டார் கலாக்டிகா தொடரின் சைலான் ரோபோக்களுக்கு வந்தது. இரண்டு தொடரையும் உருவாக்கியவர் க்ளென் லார்சன்தான்.

குரல் பெட்டிக்கு எல்.எம். 3915 சிப் நல்லது. ஒலியின் அளவை வாங்கி, பத்து விளக்கு வரை ஏற்றி இறக்கும்.

ஒயரிங்கில் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று. கிட் வேலைக்கென்று தனி ஃப்யூஸ் பெட்டி வையுங்கள். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்று, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஃப்யூஸ், அப்புறம் இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர் வரும் ரிலே, அதன் பிறகுதான் பெட்டி. டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தும் ஸ்விட்ச். நாற்பது வருஷத்து அசல் ஒயரில் புது வேலையை முறுக்கிக் கட்டினால் என்றைக்காவது புகை வரும். எர்த்தைத் துருப்பிடித்த தகட்டில் கொடுக்காதீர்கள், பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போடுங்கள்.

சட்டமும் உண்டு. முன்பக்கம் சிவப்பு விளக்கு அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அவசர ஊர்திகளுக்கு மட்டும்தான். ரோட்டில் ஓடும்போது ஸ்கேனர் அணைந்திருக்க வேண்டும். கியர் பார்க்கில் இருந்தால் மட்டும் எரியும்படி ரிலே வைத்துவிட்டால் மறதிக்கே இடமில்லை. தொடரில் வரும் நம்பர் பிளேட்டும் அப்படித்தான், நிறுத்தி வைக்கும்போது மட்டும் மாட்டுங்கள்.

பட்டிமேஸ்திரி:

ராஜா சொல்வதெல்லாம் சரி. ஆனால் தம்பி இன்னும் கார்பெட்டைத் தூக்கினாரா என்று சொல்லவில்லை.

நார்வுட்_பக்கம்:

அண்ணா, தூக்கிவிட்டேன். டிரைவர் கால் குழியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பக்கத்து சீட் பக்கம் மேல்துரு மட்டும். கதவும் நீங்கள் சொன்ன மாதிரியே ஆடுகிறது.

ஆனால் ஒரு கேள்வி. குளிர்காலம் முழுக்கத் துருவையே தேய்த்துக்கொண்டிருந்தால் ஆர்வம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஸ்கேனரையாவது மாட்டி எரிய வைத்தால் வேலை நடக்கிற மாதிரி இருக்குமே?

பட்டிமேஸ்திரி:

மூக்கில் ஸ்கேனரை மாட்டினால் மூக்கைப் பெயிண்ட் அடிக்க மறுபடி கழற்ற வேண்டும். டேஷ்போர்டை வைத்தால் தரையில் வெல்டிங் செய்யும்போது பொறி பட்டு உருகும். வெல்டிங், டிங்கரிங், பட்டி, பெயிண்ட், கண்ணாடி, அப்புறம்தான் உள்வேலை. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டும்.

டல்லாஸ்_அக்கா:

அண்ணன் சொல்லும் வரிசை வண்டிக்குச் சரி. ஆனால் தம்பி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒஹையோ குளிரில் கராஜில் பெயிண்ட் அடிக்கவும் முடியாது. டேஷ்போர்டு வேலையை வீட்டுக்குள் மேசைமேல் செய். ஃபைபர் கூட்டை ஒரு பலகைச் சட்டத்தில் பொருத்தி, பொத்தான், டிவி, குரல் பெட்டி எல்லாவற்றையும் மேசையிலேயே ஓடவைத்து, ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டு ஒட்டி, நான்கே பெரிய பிளக்கில் முடி. வண்டி தயாரானதும் தூக்கி வைத்துச் செருகினால் போதும். நான் அப்படித்தான் செய்தேன். சாயங்காலம் வேலை விட்டு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்தாலும் ஏதாவது ஒன்று எரியும், அதுவே மறுநாள் துரு தேய்க்கத் தெம்பு கொடுக்கும்.

பட்டிமேஸ்திரி:

இது நல்ல யோசனை அக்கா. மேசைமேல் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நார்வுட்_பக்கம்:

அப்படியே செய்கிறேன். எஞ்சினை மாற்ற வேண்டுமா? தொடரில் வந்தது வி8 தானே?

பழசே_அழகு:

படப்பிடிப்பு வண்டிகள் 5 லிட்டர் வி8. ஆனால் 1982-இல் கார்புரேட்டர் வைத்த அந்த 305 கன அங்குல (அதே 5 லிட்டர்) எஞ்சினின் திறனே 145 குதிரைத்திறன்தான். பேர் பெரிது, இன்றைய கணக்குக்கு அது சாதாரணம். வி8 போட்டால் எஞ்சின் தாங்கி, முன் ஸ்பிரிங், ரேடியேட்டர், புகைக்குழாய், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக இழுக்கும். ஓட்டை அடைத்து, பிரேக் புதுசாக்கி, வி6-ஐச் சுத்தமாக ஓடவைத்து ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் தேவையென்றால் பார்க்கலாம்.

ரிலே_ராஜா:

நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் 1976 மாடல் முதல் வந்த பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை உண்டு, அதனால் எஞ்சின் மாற்றுவது பெரிய தலைவலி. உங்கள் சின்சினாட்டிப் பக்கம் அந்தக் கெடுபிடி இல்லை. இருந்தாலும் எனக்கும் வி6 போதும் என்றுதான் படுகிறது. முதலில் டேங்கைக் கழற்றிப் பழைய பெட்ரோலைக் கொட்டுங்கள். எஞ்சின் நிலையாக ஓடாததற்குக் காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

கோவைக்காரன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. இங்கே கோயம்புத்தூரில் இப்படி ஒன்று செய்ய வழி உண்டா?

பட்டிமேஸ்திரி:

ரோட்டில் ஓட்ட முடியாது தம்பி. வண்டியின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இடதுபக்க ஸ்டீயரிங் வைத்த 84 வண்டியைக் கப்பலில் இறக்குவதும் நடக்காது. ஆனால் டேஷ்போர்டு மட்டும் செய்யலாம். ராஜா சொன்ன குரல் பெட்டியும் ஸ்கேனரும் மேசைமேல் ஓடவைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம், நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலேயே எல்லாம் கிடைக்கும்.

நார்வுட்_பக்கம்:

தரை வெல்டிங்குக்குத் தகடு வந்துவிட்டது. ஃபைபர் மூக்கும் ஆர்டர் செய்துவிட்டேன். அண்ணா, இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பட்டிமேஸ்திரி:

தரை: பேட்டரி இணைப்பைக் கழற்று. வண்டிக்கு அடியில் படுத்து, பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று சாக்பீஸால் மேலே குறித்துக்கொள். டேங்க் எப்படியும் கழற்றத்தானே போகிறாய், வெல்டிங்குக்கு முன்பே கழற்றி வெளியே வை. ஓட்டையைவிட இரண்டு விரல் அதிகமாக வெட்டு, துருவின் ஓரத்தில் வெல்டிங் நிற்காது. ஒரே இழுப்பாகப் பற்றவைக்காதே. ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம், நடுவில் ஆறவிடு. இல்லையென்றால் தகடு சூட்டில் நெளிந்துவிடும்.

இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். அதில் டி-டாப் என்று கூரையில் இரண்டு பெரிய ஓட்டை. ஓட்டும்போது உடம்பு முறுக்கும், அதனால்தான் பீடிங் பிரிந்து தண்ணீர் இறங்குகிறது. முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் இணைக்கும் இரும்புக் கட்டை இரண்டு பக்கமும் வாங்கி வெல்டிங் செய்துவிடு. அதைச் செய்யும்போது வண்டியின் எடை நான்கு சக்கரத்திலும் இறங்கியிருக்க வேண்டும். ஜாக்கில் தொங்கவிட்டுப் பற்றவைத்தால் அந்த வளைவோடேயே இறுகிப்போகும், அப்புறம் கதவு மூடாது.

மூக்கு: வந்த உடனே பெயிண்ட் அடிக்காதே. அச்சிலிருந்து எடுக்கத் தடவிய மெழுகு மேலே ஒட்டியிருக்கும், நன்றாகக் கழுவித் துடை. அப்புறம் கொஞ்ச நாள் வெயிலில் வை. ஃபைபர் முழுதாக இறுகட்டும், இல்லையென்றால் பெயிண்ட் அடித்துச் சில மாசத்தில் உள்ளே இருக்கும் இழை மேலே தெரியும். வெறும் மூக்கையே வண்டியில் மாட்டி, பானட் இடைவெளி, ஃபெண்டர் இடைவெளி, எழும்பும் ஹெட்லைட் மூடி உரசுகிறதா, எல்லாம் பார். தேய்ப்பதும் பட்டி வைப்பதும் அப்போதே.

காற்றை மறந்துவிடாதே. இந்த ஃபயர்பேர்ட் முன்னால் வாய் திறந்து காற்று வாங்கும் வண்டி அல்ல. ரேடியேட்டருக்குக் காற்று பம்பருக்கு அடியிலிருந்து வருகிறது. அதைத் திருப்பி மேலே தள்ளுவது கீழே தொங்கும் கருப்பு பிளாஸ்டிக் தடுப்பு. பழைய வண்டிகளில் அது உடைந்து விழுந்திருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அது இல்லாமல் நெடுஞ்சாலையில் போனால் எஞ்சின் கொதிக்கும். புது மூக்குக்குக் கீழே அதைக் கண்டிப்பாகப் பொருத்து.

நார்வுட்_பக்கம்:

அந்தத் தடுப்பு என் வண்டியில் இல்லை! இப்போதுதான் குனிந்து பார்த்தேன். போல்ட் ஓட்டை மட்டும் இருக்கிறது.

டல்லாஸ்_அக்கா:

மலிவுதான், உடனே வாங்கிவிடு. அண்ணா, கருப்புப் பெயிண்ட் பற்றியும் சொல்லுங்கள். என் வண்டியில் எல்லாரும் முதலில் கேட்பது அதுதான்.

பட்டிமேஸ்திரி:

கருப்பு எதையும் மறைக்காது. வெள்ளை வண்டியில் கண்ணுக்கே தெரியாத பள்ளம், கருப்பில் டியூப்லைட் வெளிச்சத்தில் நெளிந்து நெளிந்து தெரியும்.

ப்ரைமர் அடித்துக் காய்ந்ததும், அதற்கு எதிர் நிறத்தில் மெல்லிசாக ஒரு தூறல் அடி. சாம்பல் ப்ரைமர் என்றால் கருப்புத் தூறல். பிறகு முழங்கை நீளத்துக்கு உள்ள தேய்ப்புக் கட்டையில் பேப்பர் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாக, கதவின் முழு நீளத்துக்கும் தேய். மேடு முதலில் வெளுக்கும், பள்ளத்தில் கருப்பு அப்படியே நிற்கும். அந்த இடத்தில் மட்டும் பட்டி, மறுபடி ப்ரைமர், மறுபடி தூறல். கருப்பு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மறையும்வரை விடாதே. வெறும் விரலால் பேப்பரைப் பிடித்துத் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும், கட்டை இல்லாமல் தொடவே தொடாதே.

நார்வுட்_பக்கம்:

மூக்கை வண்டியில் மாட்டியே அடிப்பதா, கழற்றி வைத்து அடிப்பதா?

பட்டிமேஸ்திரி:

ஓரங்களையும் உள்பக்கத்தையும் கழற்றி வைத்து அடி. வெளிப்பக்கத்தை வண்டியில் மாட்டி, பானட், ஃபெண்டரோடு சேர்த்து ஒரே கலவையில், ஒரே நாளில் அடி. ஸ்கேனர் பிளவுக்குள் மட்டும் பளபளப்பு வேண்டாம், மங்கல் கருப்பு அடி. பளபளப்பு இருந்தால் ராஜாவின் விளக்கு உள்சுவரில் பட்டு இரண்டிரண்டாகத் தெரியும்.

ரிலே_ராஜா:

அதோடு பிளவின் அடியில் மழைத்தண்ணீர் வடிய இரண்டு சின்ன ஓட்டை போட்டுவிடுங்கள், பெயிண்டுக்கு முன்பே. ஒயர் வரும் துளையை மேல் மூலையில் வையுங்கள், கீழே வேண்டாம். ஸ்கேனர் நிரலை இன்று ராத்திரி இங்கேயே போடுகிறேன். மேசைமேல் ஓடவிட்டு, வால் நீளம் போதுமா என்று சொல்லுங்கள்.